ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

ஒரு சனிக்கிழமை மூக்குக்கண்ணாடியை ஆபீஸ் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதற்காக முருகலட்சுமி இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாருக்குச் சொல்வது என்று தெரியாததால் கண்ணாடிக்கே சொல்கிறாள். அது மட்டும் அன்றைக்கு ஒழுங்காக அவள் கைப்பையில் இருந்திருந்தால், ஒரு பையனை அவன் தகப்பன் கண்ணில் படாத தூரத்துக்கு அனுப்பிவைத்த பெருமையோடு ரிட்டையர் ஆகியிருப்பாள்.

அவளுக்கு வேலை ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு கூர்நோக்கு இல்லத்தில். பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள் வழக்கில் மாட்டினால் விசாரணை முடிகிறவரை வைத்திருக்கும் இடம். காகிதத்தில் அவள் மூத்த ஆற்றுப்படுத்துநர். அதை வாய் நிறையச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் பொறுமை கிடையாது. கவுன்சிலர் மேடம் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தெருவிளக்கு எரியவில்லை என்று அவளிடம் மனுக் கொடுத்துப் போனவர்களும் உண்டு. அவளும் அதை வாங்கி நகராட்சிக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். இருபத்தாறு வருட சர்வீஸில் அவள் யாரிடமும் கத்தியதில்லை. கோபம் வந்தால் எழுதிவிடுவாள். வம்பு என்னவென்றால், எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புகிறவளும் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடியை எடுக்க ஆட்டோவில் வந்து இறங்கும்போதே கேட் பக்கம் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் பாண்டித்துரை. அவளைப் போலவே முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். ஆட்டுச் சந்தையில் பழகிய தொண்டை. வாசலில் சத்தம் போட்டுப் பையன்களின் மன அமைதியைக் கெடுப்பதாக வந்த புகாரை வைத்து அவனுக்கு இரண்டு மெமோ எழுதிக் கொடுத்திருந்தாள். அவனோ இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு ஆயத்தமாக நின்றான்.

“எத்தன தடவ சொல்றது ஒமக்கு? சனிக்கிழமதான் பாக்க விடுவோம்! ஞாயித்துக்கிழம வந்து நின்னா கேட்டத் தெறந்துருவாகளா? ரூல்ஸுன்னா என்னன்னு தெரியுமா ஒமக்கு?”

கேட் கம்பிக்கு வெளியே நின்றவர் கட்டம் போட்ட கைலியும் உப்புப் பூத்த சட்டையுமாக இருந்தார். திட்டு வாங்குகிறவர் மாதிரியே இல்லை. பாண்டித்துரையின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி அமைதியாக நின்றார். ஆட்டோவிலிருந்து முருகலட்சுமி இறங்குவதைக் கண்டதும் பாண்டித்துரையின் வாய் பட்டென்று அடங்கியது. வந்தவர் தோள் துண்டை ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார்.

“யாரு பாண்டித்துரை அது? ஏன் இப்படி ஊரைக் கூட்டுறீங்க?”

“நம்ம ஆதிலோட அத்தா மேடம். அலியாருன்னு பேரு. அக்காள்மடத்துல இருந்து வாராரு. ஏழு வாரமா ஞாயித்துக்கிழம தவறாம வந்து நின்னுருவாரு.”

“ஏழு வாரமாவா? பார்வையாளர் நோட்டுல ஒரு தடவைகூட இல்லையே?”

“உள்ள விட்டாத்தான மேடம் நோட்டு? வாசலோட திருப்பி அனுப்புற ஆளுக்கு ஏது நோட்டு?”

 ஆதிலைப் பற்றிய அறிக்கையை வெள்ளிக்கிழமைதான் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பியிருந்தாள். பதினைந்து வயதுப் பையன். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாசலில் நின்ற யாரோ ஒரு டூரிஸ்டின் பைக்கைப் பெரிய பையன்கள் இரண்டு பேர் கிளப்ப, தனுஷ்கோடி வரைக்கும் பின்னால் உட்கார்ந்து காற்று வாங்கியவன் இவன். வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டிய பையன்தான். ஆனால் அனுப்ப வீட்டில் ஆள் வேண்டுமே. அம்மா காலிதா குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். தகப்பன் ஒருநாளும் பார்க்க வரவில்லை என்று பார்வையாளர் நோட்டு சொன்னது. மூன்று தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. குடும்பத்துக்கு அக்கறை இல்லை, ஆகவே சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். குழுமம் நாளைக் காலையில் உட்காருகிறது. அவள் எழுதியதற்கு மேல் அங்கே யாரும் இரண்டாவது பேச்சுப் பேசியதில்லை.

உள்ளே ஓடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையன்களோடு பேசும்போது குறிப்பெழுதும் நோட்டைப் புரட்டினாள். அத்தா ஏன் வரவில்லை என்று ஆதிலிடம் மூன்று வாரம் கேட்டிருக்கிறாள். மூன்று வாரமும் அவன் சொன்ன பதில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘சனிக்கிழம அத்தா வரமாட்டாங்க.’ அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தாள். ‘தகப்பனார் வரமாட்டார் என்று சிறுவனே கூறுகிறான்.’ சனிக்கிழமையை அவள் விட்டுவிட்டிருந்தாள். பார்க்க விடுகிற நாளே சனிக்கிழமைதான், அதைத் தனியாக எதற்கு எழுதுவது என்று நினைத்திருப்பாள்.

ராமேஸ்வரம் பஸ் அன்றைக்குத் தாமதம். அந்தப் பஸ்ஸுக்கும் அவள் நன்றி சொல்கிற வழக்கம் உண்டு. மூச்சு வாங்க அவள் போய்ச் சேர்ந்தபோது அலியார் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

“பாய், நான் இங்க கவுன்சிலர். ஆதிலைப் பாக்க நீங்க ஏன் சனிக்கிழமை வர்றதில்லை?”

“விசைப்படகுல போறேன் மேடம். திங்க, புதன், சனி எங்களுக்குக் கடலு. மத்த நாளு நாட்டுப்படகுக்காரவுகளுக்கு. சனிக்கிழம காலைல போனா ஞாயித்துக்கிழம விடியத்தான் கரையேறுவோம். ஏறுன கையோட இங்கன வந்துருவேன்.”

“போன் போட்டேனே, எடுக்கவே இல்லையே?”

“என்னைக்குப் போட்டீக?”

முருகலட்சுமி யோசித்தாள். வீட்டாருக்குப் போன் பேச அவள் ஒதுக்கி வைத்திருந்தது புதன்கிழமையும் சனிக்கிழமையும்.

“கடல்ல ஏது மேடம் டவரு?” என்றார் அலியார், அவளைக் குற்றம் சொல்லாமல்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தும் படகு எந்தக் கிழமை போகும், எந்தக் கிழமை வரும் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. மிளகாய்க் காட்டில் பிறந்தவள். மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்க்கத் தெரியும், அதோடு சரி. வெட்கம் பிடுங்கித் தின்றது. மென்று முழுங்காமல் நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்லிவிட்டாள். நோட்டைப் பார்த்து எழுதியது, தப்பாக எழுதியது, நாளைக்கு விசாரணை, சேலம், எல்லாவற்றையும்.

அலியார் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

“சேலத்துல கடல் இருக்கா மேடம்?”

“இல்லை பாய்.”

“மீன் இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது” என்றார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க குழுமத்துக்கு வந்து நிக்கணும். நீங்க வந்தாத்தான் நான் சொல்றது எடுபடும்.”

“நாளைக்குத் திங்கக்கெழம” என்று ஆரம்பித்தவர் தானாகவே தலையை ஆட்டிக்கொண்டார். “கடலுக்குப் போகல. படகு டிரைவர்ட்ட சொல்லிர்றேன். என் எடத்துல வேற ஆள ஏத்துனா ஏத்திக்கிறட்டும்.”

“இதுக்கு முந்தியே ஒரு சனிக்கிழமை லீவு போட்டிருக்கலாமே?”

“அப்படி ஏத்திட்டாகன்னா பெறகு எறக்கமாட்டாக மேடம். அதுவும் போக, ஞாயித்துக்கிழம வந்தா எனக்குப் போதும்...” என்று கேட் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வாசலோடு திரும்பிப் போவது போதும் என்கிறாரே, பாவம் என்று அவள் நினைத்தாள்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பினார். “ஏழு வாரமா எம் புள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வச்சிருக்கீக. தப்புன்னு தெரிஞ்சதும் ஓடியாந்துட்டீக. அல்லாஹ் ஒங்கள நல்லா வைக்கணும்.”

முருகலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் புது அறிக்கையை எழுதி முடித்துச் சூப்பிரண்டுக்குப் போன் செய்தாள். நல்ல மனிதர், அவளுக்காகத்தான் கவலைப்பட்டார். “இன்னும் மூணு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க. உங்க பேரை நீங்களே கெடுத்துக்கணுமா?” என்றார். கெட்டுப்போகட்டும் சார் என்றாள்.

மறுநாள் குழுமத்து வராந்தாவில் வெள்ளைச் சட்டையோடு அலியார் காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். பாண்டித்துரைதான் ஆதிலுக்குத் துணையாக வந்திருந்தான். மாஜிஸ்ட்ரேட் அம்மாள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை ஒண்ணு, திங்கட்கிழமை ஒண்ணு. எதை நம்புறது மேடம்?”

“இன்னிக்குக் கொடுத்ததை நம்புங்கம்மா. வெள்ளிக்கிழமை கொடுத்தது நோட்டைப் பாத்து எழுதுனது. இது ஆளைப் பாத்து எழுதுனது. தப்பு என்னோடதுதான்.”

“ஏழு வாரம் வந்தார்ங்கறீங்க. எங்கேயும் பதிவு இல்லையே. யார் சாட்சி?”

முருகலட்சுமி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அந்தச் சந்தைக் குரல் கேட்டது. “நான் இருக்கேன்ம்மா. ஏழு தடவையும் நான்தான் வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்புனேன்.” அவ்வளவு பெரிய சத்தம் அந்த அறையில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் அன்றைக்கு அது அவள் காதுக்குத் தேனாக இருந்தது.

ஜாமீனில் பையனைத் தகப்பனோடு அனுப்ப உத்தரவானது. தகப்பன் கடலுக்குப் போகும் நாட்களில் அக்காள்மடத்திலேயே இருக்கும் அத்தை குல்சும் வீட்டில் அவன் தங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆதில் தகப்பனிடம் ஓடவில்லை. மெதுவாகப் போய் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

துணிமணியை எடுக்க இல்லத்துக்கு வந்தவன், பையோடு கேட்டைத் தாண்டும்போது பாண்டித்துரையைப் பார்த்துச் சிரித்தான். “மாமா, போயிட்டு வாரேன்.”

“ஏலே, இந்த வாசல்ல நின்னு வாரேன்னு சொல்லக்கூடாது. போறேன்னு சொல்லு!”

“சரி, போறேன்.” இரண்டடி வைத்தவன் முருகலட்சுமியிடம் திரும்பினான். “மேடம், அந்தப் பூவரசங்கன்னுக்கு இனிமே யாரு தண்ணி ஊத்துவா?”

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு கேட்டுக்கு நேரே இருக்கும் பூவரசங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். ‘தானாகவே பொறுப்பேற்கும் குணம் வளர்ந்துள்ளது’ என்று அதையும் அவள் எழுதிவைத்திருந்தாள்.

“அது ஏன்டா கண்ணு, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் ஊத்துவேன்னு நின்ன?”

ஆதில் பாண்டித்துரையைப் பார்த்தான். பாண்டித்துரை மும்முரமாக வானத்தைப் பார்த்தான். அலியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அங்கன நின்னா கேட்டு தெரியும் மேடம். மாமா திட்ட ஆரம்பிச்சா அத்தா வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிருவேன். திட்டி முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பேன். ஒரு தடவ அர மணி நேரம் திட்டுனாரு மேடம்!”

முருகலட்சுமி பாண்டித்துரை பக்கம் திரும்பினாள். ஆள் ஏதோ திருட்டில் மாட்டியவன் மாதிரி நெளிந்தான்.

“உள்ள விடலயே மேடம். ரூல்ஸ்படி வாசல்ல வச்சுத்தான் திட்டுனேன். சும்மா, போங்க பாய்னு சொன்னா ரெண்டு நிமிசத்துல போயிறணும். திட்டுனாத்தான நின்னு கேக்க முடியும்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க எழுதிருவீகளே மேடம்!”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் கணக்கில் ஒருவரும் பார்க்க வராத அந்தப் பையனை, ஏழு வாரமும் ஒருநாள் தப்பாமல் அவன் தகப்பன் பார்த்திருக்கிறார். அதற்கு இந்த மனுஷன் தொண்டையைக் கொடுத்திருக்கிறான், அவள் கையால் இரண்டு மெமோவும் வாங்கியிருக்கிறான். “பாண்டித்துரை, ரொம்ப நன்றிப்பா” என்றாள். அவன் பூட்டை இழுத்துப் பார்த்தான். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

மெமோ இரண்டையும் அன்றைக்கே எழுத்துமூலம் வாபஸ் வாங்கினாள். வேறு எந்தெந்தப் பையனின் வீட்டார் இப்படி வாசலோடு திரும்பினார்கள் என்று பாண்டித்துரையிடம் கேட்டபோது, அவன் மூன்று பெயர் சொன்னான். மூன்றும் அவள் நோட்டில் ‘ஒருவரும் வரவில்லை’ என்று இருந்த பெயர்கள். அடுத்த நாளே சூப்பிரண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கடல் தொழிலுக்குப் போகிற வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பார்க்க அனுமதி என்று வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

அனுமதி கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி கைப்பையில் இருந்தும், அவள் பத்து மணிக்கு இல்லத்தில் இருந்தாள். வாசலில் மண்டபம் ஊர்க்காரர் ஒருவர் தயங்கியபடி வந்து நின்றார். கால் முட்டி வரைக்கும் உப்பு. அவரைக் கண்டதும் பாண்டித்துரை பழக்க தோஷத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

“எத்தன தடவ சொல்றது ஒமக்கு...” என்று ஆரம்பித்தவன் நடுவிலேயே நின்றான். ஒருதடவை முருகலட்சுமியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டை அகலமாகத் திறந்தான்.

“...வெயில்ல நிக்காதீகன்னு! உள்ள வாங்க.”

பூவரசங்கன்று பக்கம் தண்ணீர் வாளியோடு நின்ற அவர் மகன் அதை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.