வெதுவெதுப்பில் வளராதது

செவ்வாய்

மூன்றாம் தொட்டியில் இன்று செத்தவை இருநூற்றுப் பதினாறு குஞ்சுகள். எண்ணும்போது நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன். ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம்.

வாலின் அடியில் தோல் வெளுத்து, சதை கரைந்து, முள் தெரிகிறது. அந்த நிலையிலும் சில நீந்துகின்றன. செத்த மீனின் நாற்றம் பழகிவிட்டது. பாதி அழுகிய உடம்போடு இரைக்கு வாயைத் திறக்கும் மீன்தான் பழகவில்லை.

இந்த டிரவுட் மீன் பண்ணையில் அக்கா ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். குஞ்சுத் தொட்டிகளெல்லாம் அவள் பொறுப்பு. நான் வந்து எட்டு மாதம். மாலை வகுப்பில் நுண்ணுயிரியல் படிக்கிறேன் என்பதற்காக மேனேஜர் எனக்கு ஒரு மூலை அறை, மைக்ராஸ்கோப், இன்குபேட்டர் எல்லாம் தந்து, 'டாக்டர்' என்று கூப்பிடவும் தொடங்கிவிட்டார்.

போன வாரம் நான் செய்தது இது. சாகும் தறுவாயில் இருந்த ஆறு குஞ்சுகளைக் கீறினேன். வீங்கிய மண்ணீரலைக் கம்பி வளையத்தால் தொட்டு, கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் இழுத்தேன். தட்டுகளை இன்குபேட்டரில் முப்பத்தேழு டிகிரியில் இரண்டு நாள் வைத்தேன்; சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு நாள். ஒன்றும் முளைக்கவில்லை. 'பாக்டீரியா இல்லை' என்று எழுதி, மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் வாசித்தார்.

"நோயும் இல்ல, நொடியும் இல்ல. அப்போ குறை எங்க? கழுவுற கையில." அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். "அடுத்த திங்கள் வரைக்கும் பாப்பேன். சாவு நிக்கலைன்னா இந்த வேலைக்கு வேற ஆளு."

இன்று மத்தியானம் அக்கா என் அறைக்கு வந்தாள். தொட்டித் தண்ணீரில் விறைத்துப்போன கைகளை நேராக இன்குபேட்டருக்குள் விட்டாள்.

"ஆகா, சொர்க்கம்டா!"

"கையை எடுக்கா. தட்டு கெட்டுடும்."

"முளைக்காத தட்டு கெட்டா என்ன, கெடாட்டி என்ன? குளிர் காய நல்ல பெட்டிதான் வச்சிருக்க. என் மீனு இந்தச் சூட்டை வாணலியிலதான்டா பாக்கும்."

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

தொட்டித் தண்ணீர் பன்னிரண்டு டிகிரி. தினமும் காலையில் அதைப் பலகையில் எழுதுகிறவனே நான்தான்.

சாயங்காலம் வகுப்பில் ஆசிரியரிடம் முப்பத்தேழு டிகிரி சரிதானா என்று கேட்டேன். அவர் பகலில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்பவர்.

"அட, அது மனுஷ உடம்புக்குப்பா! குளிர்ல பொழைக்கிற கிருமி அந்தச் சூட்டுல எப்படி வளரும்? சத்து கம்மியான அகார் ஊத்து. பதினஞ்சு டிகிரில வை. அவசரப்படாத."

என் நோட்டில் முப்பத்தேழுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். யாருடைய உடம்புக்கு என்று எழுதவில்லை.

புதன்

புதிதாக ஆறு குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, இரண்டிலும் அதே சத்து குறைந்த அகார். ஒன்று இன்குபேட்டரில். மற்றது மீன் முட்டை பொரிக்கும் அறையில், ஐஸ் புட்டி வைத்த தெர்மோகோல் பெட்டியில். மூன்று மணிக்கொரு தடவை சூடு பார்த்தேன். இதிலும் ஏதாவது தப்புச் செய்திருப்பேனோ?

திங்கள்

குளிரில் வைத்த ஆறு தட்டிலும் மஞ்சள் புள்ளிகள், ஓரம் மெலிந்து படர்ந்து, ஈரமாக மினுங்கின. மைக்ராஸ்கோப்பில் மெல்லிய நீளக் குச்சி போன்ற கிருமிகள். அந்த மினுமினுப்புதான் இத்தனை வால்களைத் தின்றது என்று நினைத்ததும் தட்டை மூடிவைத்தேன். இன்குபேட்டரில் வைத்த தட்டுகள் துடைத்துவிட்டாற்போல் சுத்தம்.

மேனேஜரிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். "முதல் ரிப்போர்ட் தப்பு சார். நான் பண்ணின தப்பு."

"போன வாரம் இல்லைங்கிற, இந்த வாரம் இருக்குங்கிற. அக்காவைக் காப்பாத்த மஞ்சள் பூசிட்டு வந்தியா, டாக்டரே?"

ஒரு குஞ்சின் இரண்டு தட்டுகளையும் அவர் மேசைமேல் வைத்தேன். "ஒரே மீன் சார். இது சூட்டுல இருந்தது, இது குளிர்ல."

குனிந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"மீன் டாக்டருக்கு போன் போடு. என்ன மருந்துன்னு கேளு."

"அக்கா வேலை சார்?"

"இருக்கட்டும், இருக்கட்டும்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குற்றம் சொன்னபோது எல்லாரையும் கூட்டியவர், இதை முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அக்கா காலித் தொட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். பிரஷ் நிற்கவில்லை.

"அப்போ நான் நல்லாத்தான் கழுவினேனா?"

"நல்லாத்தான் கழுவினேக்கா."

"நிஜமா?"

"நிஜமா."

பிரஷைக் கீழே வைத்தாள். "ஒரு வாரமா என் கையால சாப்பிடவே அருவருப்பா இருந்துச்சுடா. நான் தொட்டுத்தான் சாகுதுன்னு நெனச்சுட்டேன்."

இந்த வாரம் முழுக்க அவள் கரண்டியால் சாப்பிட்டதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதையும் விடாமல் குறித்து வைக்கிற நான் அதை மட்டும் குறிக்கவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.