மிளகு மாமாவின் நாக்கு

பதினோரு மாதம் கொழும்புச் சிறையில் இருந்துவிட்டுத் தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கிய செங்கோடன், ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தான். மணி ஆறரை. கடை ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வணக்கமுங்க, மிளகு மாமா வந்திருக்கேனுங்க" என்றது.

காப்பி சட்டையில் கொட்டியது. ஏனென்றால் மிளகு மாமா அவன்தான்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்தவனின் வாயைக் கேட்டுச் சொக்கிப்போய், ரேடியோ நிலையத்து அதிகாரி அருணாசலம் அவனைக் கிராம நிகழ்ச்சியில் உட்காரவைத்து ஆறு வருஷம் ஆகிறது. உரம், மழை, மாட்டுக்குக் கழிச்சல் என்று எதை எழுதிக் கொடுத்தாலும் அதைத் தூர வைத்துவிட்டு, கொல்லிமலைக் கதை ஒன்றை ஆரம்பிப்பான். முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அந்தப் புகழோடு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து கொழும்புக்குப் போனான். கையில் இருந்தது பதினைந்து நாள் அனுமதி. ரசிகர்கள் வீட்டு விருந்தில் நாள் கணக்கு மறந்து, ஐம்பத்திரண்டாம் நாள் மீன் குழம்பும் கையுமாகப் பிடிபட்டான்.

ஊருக்குப் போவதற்கு முன் நேராக ரேடியோ நிலையத்துக்குத்தான் போனான். அருணாசலம் வருத்தத்தோடு விசாரித்தார். நிகழ்ச்சியை நிறுத்த முடியாதல்லவா, சேலத்திலிருந்து அர்த்தனாரி என்பவரைப் பிடித்து அதே பெயரில் பேச வைத்தோம் என்றார். குரல் அப்படியே இருக்கிறதாம். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாராம். இது இவன் இல்லை என்று ஒரு தபால் கார்டுகூட வரவில்லையாம்.

"உங்க மலைக்காரங்களே கண்டுபிடிக்கலையேப்பா" என்றார். "அவங்க எழுதிக் கொடுக்கட்டும், இது எங்க ஆள் இல்லை, எங்க ஆள் வேணும்னு. வெள்ளிக்கிழமை கொண்டு வா. ஒரு குரல் பரீட்சை வச்சு உன்னையே உக்கார வைக்கிறேன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேளுக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கால் கெஞ்சக் கெஞ்சக் கொல்லிமலை ஏறினான்.

மலைமேல் அவன் ஊரான தேவனூர் நாட்டில் அவனைக் கண்டு யாரும் ஓடி வரவில்லை. "நேத்து குச்சிக்கிழங்கைப் பத்தி நல்லாப் பேசினே" என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். சிறைக்குப் போனது அவன் மனைவி இருசாயி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வெட்கப்பட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. பஞ்சாயத்து ரேடியோ தினமும் அவனைப் பேச வைத்ததால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வர வழியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நாட்டார், அதாவது அந்த நாட்டு ஊர்களின் பெரியவர்கள், கூடினார்கள். ஊர்க்கவுண்டர் நல்லமுத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். செங்கோடன் கடல், போலீசு, சிறை எல்லாவற்றையும் சொல்லி முடித்தான், அதாவது முடிக்கப் போனான். ஆறரை ஆகிவிட்டது. ரேடியோ வணக்கமுங்க என்றது.

"பாருங்க, நான் இங்கே நிக்கறேன், அங்கே எவனோ பேசறான்" என்றான்.

நல்லமுத்து அசரவில்லை. பேச்சைக் கிராமபோன் தட்டில் பிடித்து வைத்துவிட்டு அப்புறம் ஓட விடுவார்கள், ஆள் வீட்டில் படுத்துக் கிடந்தாலும் குரல் வேலை செய்யும் என்று ஆறு வருஷத்துக்கு முன் ஊரெல்லாம் பெருமை அடித்தவன் செங்கோடன்தான். அதை அவனுக்கே எடுத்துச் சொன்னார். செங்கோடனுக்குத் தன் வாய்மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"இன்னொண்ணும் இருக்குது கண்ணு" என்றார் நல்லமுத்து. "நீ போகலைன்னா ஒரு தொல்லையும் இல்லை, சோறு தின்னுட்டுக் கெளம்பு. போனதுதான்னு சாதிச்சா, கடல் தாண்டினவன், செயில் சோறு தின்னவன். நாட்டுல சேரணும்னா காச்சின பொன்னால நாக்குல ஒரு தொடு தொடணும். எது வேணும்னு நீயே சொல்லு."

செங்கோடன் யோசித்தான். இல்லை என்றால் நாக்கு தப்பும், மிளகு மாமா போய்விடுவான். ஆமாம் என்றால் காகிதம் கிடைக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை பரீட்சை நாக்குக்குத்தான். கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். ரேடியோவில் அர்த்தனாரி தழைச்சத்தைப் பற்றித் தெளிவாக, தடங்கல் இல்லாமல், நேரத்துக்குள் பேசி முடித்து விடைபெற்றுக்கொண்டார். அந்த ஒழுங்குதான் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை.

"தொடுங்க" என்று நாக்கை நீட்டினான்.

பொன்னுக்கு எங்கே போவது என்று நல்லமுத்து கேட்டு முடிப்பதற்குள் இருசாயி மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பதினோரு மாதமாக அவள் அதற்கே காத்திருந்த மாதிரி இருந்தது. கங்கில் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து, ஒரே ஒரு தொடு. கத்தக்கூட வாய் வராமல் செங்கோடன் எதிரில் இருந்த பலாமரத்தைக் கட்டிக்கொண்டான்.

பொய்க்கு நாக்கை நீட்டுகிறவன் எவனும் இல்லை என்று நல்லமுத்து தீர்ப்புச் சொன்னார். முப்பத்தேழு பேர் கைரேகை வைத்தார்கள். காகிதம் தயார். ஆள்தான் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை இருசாயியைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனான். அருணாசலம் காகிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டு, இரண்டு பேரையும் அறைக்குள் உட்கார வைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசச் சொல்லிக் கை காட்டினார். செங்கோடன் வாயைத் திறந்தான். "வ" என்றான். கண்ணில் நீர் வந்தது. மறுபடி "வ" என்றான். அருணாசலத்தின் முகம் சுருங்கியது.

இருசாயி மைக்கை நகர்த்திக்கொண்டாள்.

"ஏனுங்க, இவுருக்கு நாக்கு வெந்து கெடக்குதுங்க, நான் சொல்றனுங்க. பதினஞ்சு நாளுன்னு சொல்லிட்டுப் போன மனுசன், அம்பது நாளா ஊடு ஊடாப் போயித் தின்னுருக்காருங்க. போலீசு வந்து நிக்குது, இவுரு இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தச் சொல்லியிருக்காரு. இல்லீங்களா?"

"ம்" என்றான் செங்கோடன்.

"ரேடியோவுல பேசறது இவுருன்னு மலையே நம்புச்சுங்க. கடுதாசி வரலைன்னாலும் எனக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கும். அந்த ஆளு ஆரம்பிச்ச பேச்சை முடிக்கறாருங்க. இவுரு என்னைக்குங்க முடிச்சாரு?"

"ம்."

"என்ன ம்? நாக்கைச் சுடறதுக்கு என் மூக்குத்திங்க. அதுவும் கருகிப் போச்சு. அங்கே செயில்ல இவுருக்குத் தேங்காச் சம்பலு, இங்கே எனக்கு வெறும் களி. கேட்டா, நாலு கிலோ எளைச்சுட்டேங்கறாரு. வயித்தைப் பாருங்க."

கால் மணி நேரம் பேசினாள். நடுநடுவே செங்கோடன் ம் போட்டான், சிலது மறுப்பு, சிலது கெஞ்சல். கண்ணாடிக்குப் பின்னால் அருணாசலம் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பதிவுக் கருவியை நிறுத்த வேண்டாம் என்று ஆளுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அது ஒலிபரப்பானது. அடுத்த வாரம் தபால்காரர் கார்டுகளைச் சாக்கில் கொண்டுவந்தார். அர்த்தனாரிக்கு உர விவரம் படிக்கத் தனியாகப் பத்து நிமிஷம் ஒதுக்கினார்கள். மிளகு மாமா நாற்காலி செங்கோடனுக்கே திரும்ப வந்தது, பக்கத்தில் இன்னொரு நாற்காலியோடு.

இருபதாம் நாள் நாக்கு ஆறியது. சேர்த்து வைத்த கதைகளோடு மைக்கின் முன் உட்கார்ந்தவனிடம் அருணாசலம் தணிந்த குரலில், "நீ ம் மட்டும் போடுப்பா, போதும்" என்றார். விளக்கு சிவப்பாக எரிந்தது. இருசாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்" என்றான்.

அந்த மாதக் கடைசியில் பேளுக்குறிச்சிச் சந்தையில் ஏழெட்டுப் பேர் அவனைச் சூழ்ந்துகொண்டு, மாமா, ஒரு தடவை ம் சொல்லுங்க என்று கேட்டார்கள். சொன்னான். பிறகு எட்டிப் பார்த்தான். இருசாயி உப்புக் கடையில் மும்முரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "அதாகப்பட்டதுங்க" என்று கொழும்புக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவள் உப்பு வாங்கித் திரும்பி வந்தபோது, கதையில் இன்னும் கப்பலே கிளம்பியிருக்கவில்லை.