நாற்பத்தொரு விநாடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில். சரிசெய்யக் கொடுத்த என் மடிக்கணினியை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்கப் பூஜ்ஜியம், வரிசை வரிசையாக. கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வந்துச்சா?"

"பாத்துட்டிருக்கேன்மா."

கதவு மூடிக்கொண்டது. அவர் மறுபடி பூஜ்ஜியங்களை நகர்த்தினார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தெரியும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மீதியெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "ஒரு காலத்தில் கணினியின் நினைவகம் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்தது, இன்று அது விரல் நகத்தின்…"

(அடித்துவிட்டேன். பரீட்சை விடைத்தாள் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "தெருவில் அவருக்கு டிஸ்க் டாக்டர் என்று பெயர்." இது இருக்கட்டும். ஒரு நல்ல புகைப்படத்துக்கே இடம் போதாத ஃபிளாப்பி காலத்திலிருந்து அவர் இந்தத் தொழிலில் இருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கைக் காதருகே பிடித்து, சுழலும் சத்தத்திலேயே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அழிந்த கோப்புகளை மீட்பதில் கைராசிக்காரர்.*

* கைராசி மட்டுமல்ல. பழைய டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், பொருளடக்கத்தில் அதன் பெயர்தான் போகும். மேலே வேறெதுவும் எழுதப்படும்வரை பக்கம் அப்படியே கிடக்கும்.

3

மனைவிக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டமாட்டாள். நேராகக் கணினிக்குப் போய் அவருடைய எதையாவது அழித்துவிடுவாள். கல்யாணமான முதல் வருடம், அவர் சேர்த்துவைத்திருந்த முந்நூறு பாட்டு. இன்னொரு முறை, ஜெயிக்கப்போகும் நேரத்தில் நிறுத்திவைத்திருந்த சதுரங்க ஆட்டம். அவர் முணுமுணுத்துக்கொண்டே மீட்பார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு தாயே."

"அப்ப சாப்பிட வாங்க."

அந்த வீட்டில் மன்னிப்பு இப்படித்தான் கேட்கப்பட்டது. அழித்தாலும் எதுவும் போய்விடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

4

இந்த முறை எது அழிந்தது? முதலில் கல்யாண வீடியோ என்று எழுதினேன். அதற்காக ஒருவர் அப்படிப் பூஜ்ஜியங்களைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். ஆகவே ஒரு மகள். ஆறு வயது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் அவள்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

நாற்பத்தொரு விநாடி ஓடும் வீடியோ ஒன்று. அவள் குரல் இருப்பது அதில் மட்டும்தான். டிஸ்க் டாக்டர் தினமும் வேலை முடிந்து வந்ததும் அதைப் போடுவார்.

"நிறுத்துங்களேன். அவ இல்ல. நான் இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"முழுசா ஒரு நிமிஷம்கூட இல்ல. அதுவும் பொறுக்கலையா உனக்கு?"

மறுநாள் மதியம் அவள் அதை அழித்தாள்.

(இவளை நான் நிறையச் சந்தேகப்பட்டேன். ஒரு தாய் செய்வாளா? மூன்று முறை எழுதிய பிறகு புரிந்தது. மாலையில் அவர் மீட்பார், "வந்துச்சா" என்று கேட்கலாம், அப்படியாவது பேச்சு தொடங்கும் என்று நினைத்திருக்கிறாள்.)

5

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வீட்டுக் கணினிப் பெட்டி கறகறவென்று அரைக்கிறது, தலை வலிக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வாரம் அவர் சத்தமே இல்லாத புதுவகை டிஸ்க், எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினார். எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார். தொழில் பழக்கத்தில் பழையதை முழுக்கத் துடைத்துக் கழித்துப் போட்டார். அவளிடம் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தார். எல்லோரிடமும் இரண்டு பிரதி வையுங்கள் என்று சொல்கிறவர், தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. தன் கையே இருக்கிறதே என்ற தெம்பு.

எஸ்எஸ்டிக்குள் எதுவும் சுழல்வதில்லை. அழி என்றால், பெயரை அடிப்பதோடு அது நிற்பதுமில்லை. அடுத்து எழுத இடம் வேண்டுமென்று, சும்மா இருக்கும் நேரத்தில் பக்கத்தையும் தானே துடைத்துவிடும். அவர் வீடு திரும்புவதற்குள் அதற்கு ஒரு மதியம் முழுக்கக் கிடைத்தது.

6

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார். அவள் ஆயுள் முழுக்க அந்த மதியத்தைச் சுமப்பாள்.

முடிவு இரண்டு: "நீ அழிக்கறதுக்கு முன்னாடியே டிஸ்க் போயிடுச்சு" என்கிறார். எழுதிப் பார்த்தேன். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. எனக்கும்.

முடிவு மூன்று: பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் கண்ணால் கண்டது இதுதான். ஆனால் அவளை எத்தனை நாள் கதவுக்கு வெளியே நிறுத்திவைப்பது? உள்ளே வரச் செய்கிறேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்கிறாள்.

"வராது, இல்ல?"

அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"உங்க மூஞ்சியிலயே தெரியுது. என்னாலதானே?"

"டிஸ்க்க மாத்தினது நான். உனக்குத் தலைவலின்னு."

அவள் திரையிலிருந்த பூஜ்ஜியங்களைப் பார்க்கிறாள்.

"நான் அத ஒரு தடவகூட முழுசாப் பாத்ததில்லங்க. பாதியிலயே எழுந்து போயிடுவேன். கடைசில என்ன சொல்லுவா?"

ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்தவர். ஒரு சொல், ஒரு மூச்சு விடுபடாமல் அவருக்குத் தெரியும். அவள் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறார்.

மகள் கடைசியில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான்கு நாள் யோசித்தேன். அந்தக் குழந்தைக்காக நான் எழுதியதெல்லாம் நான் பேசுவது போலவே இருந்தது. உங்களுக்கு ஏதாவது ஒரு குழந்தையின் குரல் நினைவிருக்கும். அது சொன்ன எதையாவது இங்கே வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.