மிதி என்று சொல்ல ஒருவர்

காரின் முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேடு மாட்டி முடித்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. கணவர் உயிரோடு இருந்தவரை வாசலில் குந்தி உட்கார்ந்து இந்த வேலையை அவரே செய்வார். கடைசியில் அவளை வண்டிக்குள் உட்காரவைத்து, "மிதி" என்பார். அவள் பிரேக்கை மிதிப்பாள். பார்த்துப் பார்த்தே மற்றதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது.

"அப்பா மாதிரியே போல்ட்டோட சண்டை போடுறியேம்மா! கெட்ட வார்த்தை மட்டும்தான் பாக்கி," என்று சிரித்தபடி மகள் சரிவில் இறங்கிக் கேட்டைத் திறக்கப் போனாள்.

அம்மா வண்டியில் ஏறிக் கைபிரேக்கை விட்டாள். வண்டி பின்னோக்கி உருண்டது. பிரேக்கை மிதித்தாள், கால் அடிவரைக்கும் போனது. கண்ணாடியில் மகளின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. சட்டென்று கைபிரேக்கை இழுத்தாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

"கொன்னிருப்பியேம்மா! என்னாச்சு?"

"புது பேடு மாட்டினா முதல்ல பெடலை மிதிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கணும்டி, இல்லேன்னா பிரேக் பிடிக்காது. அப்பா சொல்வாரு, நான் மிதிப்பேன். இன்னைக்கு யாரும் சொல்லல."

மகள் கதவோரம் வந்து நின்றாள்.

"சரி, மிதி," என்றாள். "மிதிம்மா."

பெடல் கெட்டியான பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.