மகாராணிக்கு வெயில்

வங்கியின் அடித்தளத்திலிருந்து மேலே ஏறும் படிகளின் திருப்பத்தில் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரப்பர் செடி அவன் நெஞ்சுயரம் இருந்தது. இலைகளில் பளபளப்பு போய், நுனிகள் தொங்கி, வெகுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி இருந்தது.

"இன்னும் நாலு படி தாயே. வெளியில போயிட்டா வெயில்தான்," என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தான்.

ஐம்பதைத் தாண்டியும் அந்த வட்டாரத்து அலுவலகங்களில் அவனுக்கு 'வேன் தம்பி' என்றுதான் பெயர். செடிக்காரம்மாவின் தம்பி, அவள் வேனை ஓட்டுகிறவன். அக்கா செடிகளை வாடகைக்கு விடுகிறவள். வரவேற்பறை, மேனேஜர் அறை, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, வக்கீல் வீட்டு மாடி என்று எங்கெங்கோ அவள் தொட்டிகள் நின்றன. சில வாரங்களுக்கு ஒருமுறை அவற்றை வேனில் ஏற்றி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவருவாள். முற்றத்தில் தேறி நிற்கிற வேறு செடிகளை அந்த இடத்தில் வைப்பாள். கேட்டால், "லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பாள்.

ஒரு மேனேஜர், தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம், உரம் போடுகிறோம், அப்படியும் வாடுகிறதே என்று குறைபட்டபோது, அக்கா அவர் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சார், தண்ணி வெறும் சாமான். உரம் உப்பு மாதிரி. சாப்பாடு நீங்களும் போட முடியாது, நானும் போட முடியாது. இலைதான் அதோட சமையல்கட்டு. வேர் தண்ணியை மேல அனுப்புது. இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு, நாம விடற மூச்சு அது வழியா உள்ள போகுது. ரெண்டையும் வச்சு வெளிச்சத்துல அதுவே சர்க்கரை பண்ணிக்குது. தின்னது போக மிச்சத்தை மாவா மாத்தி எடுத்து வச்சுக்குது. நல்ல காத்தை நமக்குன்னு வெளியில விட்டுடுது. உங்க ரூம்ல சாமான் எல்லாம் இருக்கு சார், அடுப்புதான் எரியல."

மேனேஜர் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். வாசலில் நின்றிருந்த தம்பிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

செடிகள்மேல் அக்காவுக்குப் பாசத்தைவிட மரியாதை அதிகம். "யார் வாசல்லயும் போய் நிக்காத ஜென்மம்டா. நாம எல்லாரும் அது ஆக்கி வச்சதைத்தான் சுத்திச் சுத்தித் திங்கறோம்," என்பாள். வேனில் உயரமான செடி ஏதாவது இருந்தால் மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொல்வாள். அவனுக்கு முதுகு வலிக்கிறது என்றால் அந்த அளவு கரிசனம் கிடைக்காது.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருட்டுத்தனம் செய்தாள். இந்த வங்கி அடித்தளத்தில்.

இங்கே லாக்கர் அறையைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் லாக்கர் அண்ணன் என்பார்கள். மேலே கவுண்டரில் இருந்தவர். கூட்டத்தோடு பேச வரவில்லை என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு கீழே வந்தவர். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, இரும்புக் கம்பிக் கதவு, நாள் முழுக்க எரியும் ஒரு டியூப் லைட். யாராவது வந்தால் சாவியோடு எழுந்து போவார், திரும்பி வந்து உட்காருவார். வங்கிக்காரர்கள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் இந்த ரப்பர் செடியை வைக்கச் சொன்னார்கள். அவர் அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் வந்ததும் அதனிடம் இரண்டு வார்த்தை, கிளம்பும்போது இரண்டு வார்த்தை.

முதல் தடவை அக்கா மகாராணியை எடுத்துக்கொண்டு வேறொரு செடியை வைத்தபோது, அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக்கூட மேலே வரவில்லை என்று வாசல் காவலாளி சொன்னான். அக்கா வீட்டுக்கு வந்து முற்றத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு இருந்த ரப்பர் செடிகளில் அதே உயரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதன் கிளைகளை வெட்டி, குச்சி வைத்துக் கட்டி, அதே மாதிரி தொட்டிக்கு மாற்றி, மகாராணியின் தொட்டியில் இருந்த மாதிரியே விளிம்பில் கல்லால் தட்டி ஒரு மூளியும் உண்டாக்கினாள். "இவ்வளவு எதுக்குக்கா?" என்று தம்பி கேட்டதற்கு, "நீ வேனைக் கழுவு போ," என்றாள்.

அன்று முதல் மகாராணி இரண்டு. ஒன்று கீழே வேலை பார்க்கும், ஒன்று முற்றத்தில் வெயில் தின்னும். மாற்றும் நாளில் லாக்கர் அண்ணன் மேலே சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து, அக்கா போய் அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். அந்த இடைவெளியில் தம்பி தொட்டியை மாற்றிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொள்வான். நோய் முற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலையிலும் போன தடவை அவள் வந்து பேச்சுக் கொடுத்தாள்.

இந்தத் தடவை அவள் வரவில்லை. படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. காலையில் தம்பி பழச்சாற்றைப் பிழிந்து கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். இந்த ஒரு வாரமாக அவனுக்கு அதுதான் வேலை. எதைச் செய்து கொடுத்தாலும் உதட்டை மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய்க்கா. இப்படிப் பட்டினி கிடந்தா எப்படி?"

"இன்னிக்குப் பட்டினி கிடக்கறது நான் இல்லடா," என்றாள். குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது. "கீழ நிக்குதே, அது. நாள் தாண்டிப் போச்சு."

"நாளைக்குப் போறேனே."

"இன்னிக்குப் போ."

மாமா, அக்காவின் கணவர், கதவோரம் நின்றிருந்தார். தையல்காரர், ஊசியில் நூல் கோக்கிற பொறுமை எல்லாவற்றிலும் உண்டு. "போயிட்டு வாப்பா. நான் இருக்கேன்ல," என்றார்.

போகவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கியே நேரம் போய்விட்டது. அதனால்தான் இப்போது படியின் திருப்பத்தில், செடியைக் கட்டிப்பிடித்தபடி நிமிர்ந்தவனுக்கு எதிரே, சாப்பிட்டு முடித்த டப்பாவோடு லாக்கர் அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

இருவரும் நின்றுவிட்டார்கள்.

"குளிப்பாட்டத்தான் அண்ணே," என்றான் தம்பி. "தூசி நிறைய. இதோ கழுவிட்டுக் கொண்டாந்துடறேன்."

லாக்கர் அண்ணன் செடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அம்மா வரலையா?"

"உடம்பு முடியல அண்ணே."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. மாமா. "வந்துடுப்பா," என்றார். அவ்வளவுதான். பின்னால் சத்தமே இல்லை.

தம்பிக்குத் தொட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே கொண்டுபோவதா, மேலேயா, இங்கேயே விட்டுவிட்டு ஓடுவதா. லாக்கர் அண்ணன் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுத் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"தூக்குங்க. இதை வேன்ல ஏத்துவோம். வேன்ல இருக்கறதை நான் இறக்கிக்கிறேன்."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு வேனுக்கு வந்தார்கள். வேனின் பின்கதவைத் திறந்தபோது அங்கே மற்ற மகாராணி, இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போல மின்ன நின்றிருந்தது. லாக்கர் அண்ணன் அதைக் குழந்தையை வாங்குவது போலக் கைநீட்டி வாங்கினார்.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே. நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இது இடது பக்கம் சாயும், அது வலது பக்கம்."

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"எனக்காக ஒருத்தங்க இவ்வளவு பாடுபட்டு மறைக்கறாங்க. அதைக் கெடுக்க மனசு வரல." பிறகு, மிகவும் யோசித்துச் சொல்கிறவர் போல, "நல்லாப் பேசுவாங்க. சாப்பிடற நேரத்துல ஒருத்தர் வந்து எதிர்ல உட்கார்ந்து பேசறது எனக்குப் பழக்கமில்ல," என்றார். "நீங்க கிளம்புங்க."

தம்பி கிளம்பினான். மேடு பள்ளம் வந்த இடத்தில், அவ்வளவு அவசரத்திலும், கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா அக்காவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு நினைவு இருந்தது. மூச்சுதான் விட்டுவிட்டு வந்தது. தம்பி கட்டிலோரம் மண்டியிட்டான்.

"மாத்தினியா?"

"மாத்திட்டேன்க்கா."

"அவர் பார்த்துட்டாரா?"

அவன் வரும் வழியெல்லாம் அதைச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தான். உன் வண்டவாளம் முதல் நாளே தெரிஞ்சு போச்சு, இத்தனை காலம் அந்த மனுஷன்தான் உன்னை ஏமாத்திக்கிட்டிருந்தார் என்று சொன்னால் அக்கா எப்படிச் சிரிப்பாள் என்றுகூட யோசித்து வைத்திருந்தான். இப்போது அவள் முகத்தைப் பார்த்தான்.

"பார்க்கலக்கா. மேல சாப்பிட்டுக்கிட்டிருந்தார்."

அக்காவின் உதட்டோரம் லேசாக விரிந்தது. பெரிய காரியம் ஒன்றை ஊர் அறியாமல் முடித்துவிட்ட திருப்தி அதில் இருந்தது.

"பாவம்டா," என்றாள். "ஒண்ணும் தெரியாத மனுஷன்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மேஜைமேல் காலையில் பிழிந்த பழச்சாறு அப்படியே இருந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தான். இனி அவளைக் கெஞ்ச வேண்டாம் என்று தோன்றியது. திரும்பி வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. மாமா இன்னும் கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தம்பி அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அலுவலகம் போகிற வழியில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. வங்கியிலிருந்து பரவியிருக்க வேண்டும். முன்னறை சின்னது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டு அப்படியே பின்பக்கம் முற்றத்துக்குப் போய் நின்றார்கள். அங்கே வரிசை வரிசையாகத் தொட்டிகள். பல் டாக்டர் வந்திருந்தார். திரையை விலக்கிய மேனேஜர் வந்திருந்தார். கைகுலுக்கவா, கும்பிடவா என்று தெரியாமல் தம்பியின் தோளைத் தொட்டுவிட்டு, "ஒரு தடவை செடியில காபியை ஊத்திட்டேன். மூணு மாசம் என்கூடப் பேசல," என்றார்.

"ஊத்தினது நீங்கதானா?" என்றான் தம்பி. "நம்ம ரெண்டு பேர்ல யாருன்னு தெரியாம என்கூடயும் பேசல."

இருவரும் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

லாக்கர் அண்ணன் சுவரோரம் தனியாக நின்றார். மெலிந்த மகாராணியைத் தம்பி விடியற்காலையிலேயே இறக்கி முன்வரிசையில் வைத்திருந்தான். அவர் அதனிடம் பேசவில்லை. தம்பி பக்கத்தில் போனபோது, "கேட்டாங்களா?" என்றார் மெதுவாக.

"கேட்டாங்க. நீங்க பார்க்கலன்னு சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பல தடவை ஆட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே சூரியன் ஏறியது. வந்தவர்கள் எல்லோரும் முதுகில் வெயில் படும்படி, தொட்டிகளைப் பார்த்தபடி, நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நிழல் நீளமாகச் செடிகள்மேல் விழுந்து, முன்வரிசைகளை முழுக்க மூடியிருந்தது. எந்த அலுவலகம் என்று தம்பிக்கு நினைவு வராத ஒரு பெண், கைப்பையை மாற்றிப் பிடித்தவள், கீழே இலைகள்மேல் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தாள். பிறகு வரிசையைச் சுற்றிக்கொண்டுபோய்த் தொட்டிகளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள்.

அவள் நின்ற இடத்தில் ஒரு பட்டை வெளிச்சம் இலைகள்மேல் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பல் டாக்டர் நகர்ந்தார். மேனேஜர் நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சுவரோரம் போய்விட்டார்கள்.

வண்டி வந்துவிட்டது என்று சொல்ல மாமா பின்வாசலுக்கு வந்தார். முற்றத்தின் மறுகோடியில் அத்தனை பேரும் வரிசையாக, முகத்தில் நேர் வெயில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவரும் தன் நிழல் செடிகள்மேல் படாதபடி வாசற்படியிலிருந்து ஒதுங்கி நின்றார்.