டிராம்பேயில் ஒரு தாய்வீடு

ஆறுமுகத்தாய்க்கு ஆய்வேட்டின் முதல் பக்கம் நன்றாக எழுத வரும். ஏழு வருசமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தாள். பம்பாயின் தோல் வியாபாரம் பற்றிய ஆய்வு அது. விடைத்தாள்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்து அடித்துப் பழகிய கை, தன் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு பத்தி எழுதுவாள், யாரோ எழுதியதைப் போலப் படிப்பாள், அடித்துவிடுவாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியார் எழுத்தும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது.

அறுபத்துநான்கில் பல்கலைக்கழகம் கடைசித் தவணை கொடுத்தது. ஜூன் பிறப்பதற்குள் ஏடு வராவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால் அவளுடைய தற்காலிக வேலையும் போய்விடும்.

அவளைப் போலவே ஆய்வேடு முடியாமல் முழி பிதுங்கிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் கல்லூரியில் இன்னும் இரண்டு பேர்: விலங்கியல் ஆபிதா, கணக்கு நாணு. மூவரும் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு காலி வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். சட்டம் ஆபிதா போட்டது. எழுதும்போது பேசக் கூடாது. எழுதியதை வாசித்தால் மற்றவர் குற்றம் சொல்லக் கூடாது, “அப்புறம்?” என்று மட்டும் கேட்கலாம். சிவப்புப் பென்சிலைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமைக்கு ஒரு பக்கம் தேறியது. இந்த வேகத்தில் போனால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் பட்டம். ஆபிதா ஒரு வழி சொன்னாள். அவள் கணவர் ஜஹாங்கீருக்கு டிராம்பே எண்ணெய் ஆலையில் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. மே விடுமுறைக்குப் பிள்ளைகள் தென்காசிக்குப் போய்விடும். பதினைந்து நாள் அங்கேயே தங்கி எழுதலாம். நாணு செம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

தாராவி வீட்டில், மாமியார் பேராச்சி ஒரே போடாகப் போட்டாள்.

“எழுதுததுக்கு எதுக்கு வீட்ட விட்டுப் போவணும்? இங்க பேனா இல்லியா, காயிதம் இல்லியா? நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

கேள்வி நியாயம்தான். மருமகள் பெட்டியோடு படியிறங்கினால் காரணம் இரண்டுதான் இருக்க முடியும்: பிரசவம், இல்லாவிட்டால் சண்டை. ஆறுமுகத்தாய்க்குப் பிரசவத்துக்கே போக்கிடம் இருந்ததில்லை. அவளுக்கு மூன்று வயதாகும்போதே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் புகுந்த வீட்டிலேயே பெற்றாள். கணவன் நம்பிராஜன் நல்லவன், ரயில்வே பட்டறையில் வேலை. ஆனால் அம்மாவும் மனைவியும் பேச ஆரம்பித்தால் உடனே குழாயடியில் அவனுக்கு ஏதாவது ஜோலி முளைத்துவிடும்.

“விட்டுரலாங்க்கா” என்று ஆபிதாவிடம் சொன்னாள்.

ஞாயிறு காலையில் ஆபிதா தாராவி வாசலில் வந்து நின்றாள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகை, கண்ணாடி வளையல். பின்னால் ஜஹாங்கீரும், பெரிய மீசையைப் படிய வாரிக்கொண்டு நாணுவும்.

“பெரியம்மா, எங்க பிள்ளயப் பேறுகாலத்துக்கு அழைச்சிட்டுப் போவ வந்திருக்கோம்” என்றாள் ஆபிதா.

பேராச்சி மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். “எத்தன மாசம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!”

“மாசமா? ஏழு வருசமாச்சு. இன்னும் வலியே எடுக்கல.”

நம்பிராஜன் வாய்விட்டுச் சிரித்தான். பேராச்சி சிரிக்கவில்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மருமகளைக் கேட்டு வெற்றிலையோடு இந்த வாசலுக்கு யாரும் வந்ததே இல்லை. அது ஆறுமுகத்தாய்க்கும் அப்போதுதான் உறைத்தது.

“முறையா வந்து கேக்கீய. எப்பிடி இல்லன்னு சொல்ல?” பேராச்சி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். வளையல்களை அவளே மருமகளின் கையில் ஏற்றினாள். “ஏளா, பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன். நீ பெத்துக்கிட்டுத்தான் வரணும். வெறுங்கையோட வந்தா கதவத் தொறக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

டிராம்பேயில் முதல் இரண்டு நாளும் பழைய கதைதான். அடிப்பதற்குக் கை பரபரத்தது. வாசித்த அரைப் பக்கத்துக்கு நாணு தலையாட்டிவிட்டு, “டீச்சர், அப்புறம்?” என்றார். ஏழு வருசமாக எல்லோரும் அவளிடம் ‘எப்போ முடியும்?’ என்றுதான் கேட்டிருந்தார்கள். அடுத்து என்ன என்று ஆசையாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதை எழுதினாள். எழுதியதை அடிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

மத்தியானம் ஜஹாங்கீர் மீன் குழம்பு வைத்தார். “எழுந்திரிக்காதம்மா” என்று சோற்றுத் தட்டை அவள் இருந்த இடத்துக்கே கொண்டுவந்தார். அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

“என்னம்மா, உறைப்புக் கூடிட்டுதா?”

“இல்லண்ணே. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

பதினைந்தாம் நாள் கடைசி அத்தியாயம் முடிந்தது. தாராவி வாசலில் பேராச்சி ஆலத்தித் தட்டோடு நின்றாள். சுற்றி முடித்துக் காகிதக் கட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். “கனமாத்தான் இருக்கு” என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

தவணைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மாட்டுங்காவில் டைப் அடிக்கும் வானமாமலை கடைசியாக நன்றி சொல்லும் பக்கத்துக்கு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“டிராம்பேயில் இருக்கும் என் தாய்வீட்டுக்குன்னு போட்டிருக்கேளே. உங்க அம்மா டிராம்பேயிலயா இருக்கா?”

“ஆமா சார், மூணு பேரு. ஒருத்தருக்கு மீசை உண்டு.”

வானமாமலை அவளை ஏற இறங்கப் பார்த்தார். “யுனிவர்சிட்டிக்குப் போறது. இதெல்லாம் வழக்கமில்லையேம்மா. இந்த வரியை அடிச்சுடட்டுமா?”

“வேண்டாம் சார்” என்றாள் ஆறுமுகத்தாய். “அடிச்சிராதீங்க. அப்படியே அடிங்க.”