எல்லை தாண்டி வந்த தண்ணீர்

தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஜெயில் வாசலில் காத்து நின்ற தாணுமாலையனுக்கு ஒரு தமாஷ்கூட வாயில் வரவில்லை. ஆரியசாலை மளிகை மண்டியில் இருபது வருஷமாகச் சரக்கைவிடத் தமாஷை அதிகம் விற்றவன் அவன். தம்பி லிங்கராஜ் உள்ளே போனதும் அந்த வியாபாரத்தால்தான்.

மூட்டை இறக்கும் வினீதுக்கு மூன்றாவது தடவையாகக் கல்யாணப் பேச்சு முறிந்திருந்தது. "என்ன வினீதே, இந்தத் தடவையும் சரக்கு ரிட்டர்னா?" என்று தாணு கேட்க, கடைத்தெருவே சிரித்தது. வினீத் எட்டி அவன் சட்டையைப் பிடித்தான். அண்ணன் சட்டையில் கை விழுந்ததைப் பார்த்த லிங்கராஜ், தராசிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து ஓங்கி அடித்துவிட்டான். வினீதுக்குத் தோளெலும்பு ஒடிந்தது.

கடைத்தெருவே பார்த்திருந்தாலும், முதலில் கை வைத்தது வினீத்தான் என்று தம்பிக்காகச் சாட்சி சொல்லக்கூடியவன் தாணு ஒருவன்தான். போலீஸ் வந்து கேட்டபோது அவன், "நான் குடோனுக்குள்ள ஸ்டாக் பாத்துட்டிருந்தேன் சார்" என்றான். வாழ்நாளில் அவன் சிரிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம். அதுவும் பொய்.

செல்போன் அடித்தது. தம்பி பொண்டாட்டி இசக்கிசெல்வி.

"அத்தான், அயலைக் கொழம்பு கொதிக்குது. வாசல்ல மஞ்சத்தண்ணி வச்சிருக்கேன். ஜெயில் தீட்டு போகத் தலையில ஊத்தாம உள்ள விட மாட்டேன், சொல்லிருங்க."

வக்கீல் சுசீலாபாய் காலையிலேயே மலையாளத்தில் சொல்லிவிட்டாள்: "ஸ்டேஷன் லிமிட்டில் கேறான் பாடில்லா, கேட்டோ." அந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் தம்பி நுழையக் கூடாது; கடை மட்டுமல்ல, வீடும் அதற்குள்தான். மீன் வாங்கக் கூடையோடு கிளம்பியவளிடம் அதைச் சொல்ல தாணுவுக்கு நாக்கு எழவில்லை. ஊர் முழுக்கப் பேசும் நாக்குக்கு வீட்டில் என்றைக்குமே லீவு.

"செல்வி, அவன் வீட்டுக்கு வர முடியாதும்மா. சார்ஜ் ஷீட் போடுற வரைக்கும் எல்லைக்கு வெளிய, வித்துராவுல நம்ம கூட்டாளி ஜெபசிங் ரூம்ல இருக்கட்டும். திங்கக்கிழமை திங்கக்கிழமை மட்டும் ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரணும்."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணி பஸ்ஸு?" என்றாள். வைத்துவிட்டாள்.

லிங்கராஜ் பிளாஸ்டிக் கவரோடு வெளியே வந்தான். பதினெட்டு நாள் தாடி. கண்டிஷனையெல்லாம் உள்ளேயே வாசித்துக் காட்டிவிட்டார்களாம். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தார்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ வாங்கியதும் தம்பி சொன்னான்.

"வக்கீலம்மா கேஸு பேப்பர வாசிச்சாங்கண்ணே. நீ குடோனுக்குள்ள இருந்தியாம்."

தாணு டீயை ஒரே மடக்கில் குடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லதுதான். உன்னையும் சேத்துத் தூக்கிருந்தா செல்வி யாரக் கூட்டிக்கிட்டு வக்கீல் வீட்டுக்கு அலைவா?"

நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. அதற்குப் பதில் சொல்ல தாணுவிடம் சரக்கு இருந்தது.

இசக்கிசெல்வி ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொன்றில் இரண்டு லிட்டர் கோலா பாட்டில் நிறைய மஞ்சள் தண்ணீர். வித்துரா பஸ்ஸுக்குப் பின்னால் புருஷனைக் குனிய வைத்து ஊற்றினாள். "இதெந்தா சேச்சி, குளிமுறியா?" என்று, பஸ் ஸ்டாண்டைக் குளியலறை ஆக்கிவிட்டதாகக் கண்டக்டர் கத்தினான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாதி பாட்டிலோடு நிறுத்தி, மூடியைத் திருகி, தாணுவிடம் நீட்டினாள்.

"மிச்சம் இருக்கு அத்தான்."

யார் தலைக்கு என்று அவன் கேட்கவில்லை. "சோறு போட்டுட்டு அடுத்த பஸ்ல வந்துருவேன்" என்று அவளும் ஏறிக்கொண்டாள். ஈரத் தலையோடு தம்பி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான்.

தாணு நடந்தே திரும்பினான். மண்டிக்கு எதிரே, கையைத் துணியால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வினீத் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். தூக்க முடியாவிட்டாலும் அவனுக்கும் போக வேறு இடம் இல்லை போலும். தாணு அவன் முன்னால் போய் நின்றான். என்னமோ வரப்போகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு இப்போதே சிரிக்கத் தயாரானார். வினீத் நிமிர்ந்து பார்த்தான்.

தாணு சிரிக்காமல் வாயைத் திறந்தான்: "வினீதே, அன்னைக்குத் தப்பு என் வாயிலதான்." கையிலிருந்த பாட்டிலில் மஞ்சள் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.